அமெரிக்காவில் மதம் ஏன் இவ்வளவு அரசியலாகிவிட்டது?

ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கும் ஒரு தம்பி மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருந்தார். அரசும் மதமும் தனித்தனி என்று அமெரிக்க அரசியல் சாசனமே சொல்லும்போது, தேர்தல் வந்தால் அங்கே பைபிளும் பிரசங்கமும் ஏன் இவ்வளவு முன்னால் வருகின்றன? டிவியில் காண்கிற அளவுக்கு அங்குள்ள சாதாரண ஜனங்கள் ஒருவரையொருவர் வெறுக்கிறார்களா? வந்து சேர்ந்தபின் யாரிடம் எதைப் பேசலாம், எதைத் தவிர்க்கவேண்டும்?

தம்பி, நீங்கள் வரப்போகும் ஊரின் ஓரத்தில்தான் 23 வருடமாக இருக்கிறேன். வால்வு செய்யும் ஒரு சிறு ஆலையில் தரச் சோதனை என் வேலை. என்னோடு வேலை செய்கிறவர்களில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் உண்டு. இருபது வருடமாக அந்தப் படியை மிதிக்காதவர்களும் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் உண்டு. இங்கே நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி இவர்களோடு மத்தியானச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டது.

முதலில் அரசுக்கும் மதத்துக்கும் நடுவே உள்ள அந்தச் சுவர். அரசையும் மதத்தையும் பிரிக்கச் சொன்னவர்கள் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அதைக் கேட்டு நின்றவர்களில் முன்வரிசை பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருடையது. விர்ஜீனியாவில் உரிமம் இல்லாமல் பிரசங்கம் செய்தார்கள் என்று 1760களிலும் 70களிலும் பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் அடைத்தார்கள். கனெக்டிகட்டில் காங்கிரிகேஷனல் சபைதான் அரசு சபை. மற்ற சபையினர் அதற்கான வரியிலிருந்து விலக்குப் பெறச் சான்றிதழ் கொடுக்கவேண்டும். அந்த மாநிலத்து டான்பரி ஊர் பாப்டிஸ்டுகள் அன்றைய ஜனாதிபதி ஜெபர்சனுக்கு எழுதிய கடிதத்துக்கு அவர் 1802 ஜனவரி 1 அன்று எழுதிய பதிலில்தான் 'சபைக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர்' என்ற சொல் வருகிறது. அரசு ஒரு மதத்தை நிறுவக்கூடாது, பத்திரிகையின் வாயை அடைக்கக்கூடாது என்று 1791ல் சாசனத்தில் சேர்ந்த முதல் திருத்தம் மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியது. கனெக்டிகட் தன் அரசு சபையைக் கைவிட 1818 ஆயிற்று, மாசசூசெட்ஸ் கைவிட 1833 ஆயிற்று. ஆக, அந்தச் சுவரை எழுப்பச் சொன்னவர்கள் பக்திமான்கள். ராஜாவின் கை தங்கள் ஆராதனைக்குள் நீளக்கூடாது என்பதுதான் அவர்களுடைய கவலை.

அதன் பலன் பெரியது. அரசு சம்பளம் போனதும் ஒவ்வொரு சபையும் சொந்தக் காலில் நிற்கவேண்டி வந்தது. போதகருக்குச் சோறு போடுவது ஞாயிற்றுக்கிழமை கைமாறிப் போகும் காணிக்கைத் தட்டுதான். ஆள் சேர்த்தால் சபை வாழும், இல்லையென்றால் மூடும். இந்தப் போட்டியில்தான் அமெரிக்கக் கிறிஸ்தவம் அத்தனை உயிரோடு வளர்ந்தது. அரசு ஊட்டி வளர்த்த ஐரோப்பியச் சபைகளில் கூட்டம் குறைந்துகொண்டே போன காலத்திலும் இங்கே நிரம்பி வழிந்தது. அந்தத் தட்டில் விழுந்த காசு நம் பக்கமும் வந்திருக்கிறது. 1816ல் யாழ்ப்பாணம் வந்து இறங்கிய அமெரிக்க மிஷனரிகளை அனுப்பியது நியூ இங்கிலாந்து ஊர்ச் சபைகளின் நன்கொடை. 1841ல் அவர்கள் தொடங்கிய உதயதாரகை பத்திரிகை, வட்டுக்கோட்டை செமினரி, பிற்பாடு மதுரையில் அமெரிக்கன் கல்லூரி எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் இருந்தது. நான் சொல்ல வந்தது அந்த விலையைப் பற்றித்தான். ராஜாவிடமிருந்து சபைக்கு விடுதலை கிடைத்தது. கேட்க வந்து உட்காருகிறவனிடமிருந்து கிடைக்கவில்லை. தட்டில் காசு போடுகிறவனுக்குப் பிடிக்காததை எத்தனை வாரம் ஒரு போதகர் சொல்லமுடியும்? 1845ல் தெற்கத்திய பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்துபோனது அடிமை முறையின் பேரில். பைபிளைத் திறந்து அடிமை முறைக்கு நியாயம் காட்டிய போதகர்களின் முன் பெஞ்சில் அடிமைகளுக்குச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சபை அதற்கு மன்னிப்புக் கேட்டது 1995ல். எழுத்தறிவில்லாத பாமரர்கள் செய்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. வேத சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள், தங்களைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

அமெரிக்கப் பத்திரிகையும் ஏறத்தாழ இதே நிலைதான். அரசு கை வைக்க முடியாது. அதே முதல் திருத்தம் காக்கிறது. வாசகனும் விளம்பரக்காரனும் கை வைக்கலாம். சபையையும் செய்தியையும் தனித்தனியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கேட்பவர் காசில் வாழும் இரண்டு தொழில்களாகச் சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த நாடு கொஞ்சம் புரிந்தது.

இனி நீங்கள் வரப்போகும் ஊருக்கு வருகிறேன். 1930ல் யங்ஸ்டவுனில் 1,70,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 60,000. நடுவில் நடந்ததை இங்கே 'கறுப்புத் திங்கள்' என்கிறார்கள்: 1977 செப்டம்பர் 19. யங்ஸ்டவுன் ஷீட் அண்ட் டியூப் கம்பெனி தன் கேம்ப்பெல் உருக்காலையை மூடுவதாக அன்று காலை அறிவித்தது. சுமார் 5,000 வேலை. இன்றைக்கும் எங்கள் ஆலையில் வயதானவர்கள் அந்த நாளைச் சொல்லும்போது, ஒரு சாவு விழுந்த தேதியைச் சொல்வது போலத்தான் சொல்கிறார்கள்.

அப்போது இந்த ஊர்ச் சர்ச்சுகள் செய்ததை வெளியூரில் அதிகம் பேர் அறியமாட்டார்கள். கத்தோலிக்க ஆயர் ஜேம்ஸ் மலோன், எபிஸ்கோப்பல் ஆயர் ஜான் பர்ட், கூடவே பல புராட்டஸ்டண்ட், ஆர்த்தடாக்ஸ் குருமார்கள், யூத ரபிகள் எல்லோரும் ஒரு கூட்டணி அமைத்தார்கள். மூடிய ஆலையை ஊராரும் தொழிலாளிகளும் சேர்ந்து வாங்கி நடத்துவது அவர்கள் திட்டம். 'நம் பள்ளத்தாக்கைக் காப்போம்' என்று பெயர் வைத்து வங்கிகளில் சேமிப்புக் கணக்குகள் திறந்தார்கள். சபைகளும் தனி ஆட்களும் அதில் பணம் போட்டார்கள். லட்சக்கணக்கான டாலர் சேர்ந்தது. ஆனால் உருக்காலையை ஓட்ட அது எந்த மூலைக்கு? மத்திய அரசு கடனுக்கு உத்தரவாதம் தரவேண்டும் என்று வாஷிங்டனுக்கு நடந்தார்கள். 1979ல் ஜனாதிபதி கார்ட்டரின் அரசு கையை விரித்துவிட்டது. திட்டம் அதோடு முடிந்தது.

அதே 1979ல், இங்கிருந்து தெற்கே விர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் ஜெரி பால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினார். இதே மனிதர் 1965ல், மார்ட்டின் லூதர் கிங்கின் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்தபோது, போதகரின் வேலை அரசியல் இல்லை, ஆத்தும ஆதாயம்தான் என்று பிரசங்கித்தவர். பதினான்கு வருடத்தில் அவரை மாற்றியது என்ன? கருக்கலைப்பை அனுமதித்த 1973 தீர்ப்புதான் காரணம் என்று அவர் பக்கத்தார் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் தெற்கத்திய பாப்டிஸ்ட் மாநாடே 1971ல், சில சூழ்நிலைகளில் கருக்கலைப்பைச் சட்டம் அனுமதிக்கலாம் என்று தீர்மானம் போட்டிருந்தது. அந்த வருடங்களில் போதகர்களை நேரடியாகச் சுட்ட விஷயம் வேறு: கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத தனியார் பள்ளிகளுக்கு இனி வரிவிலக்கு இல்லை என்ற அரசின் முடிவு. அவற்றில் கிறிஸ்தவப் பள்ளிகள் நிறைய. பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் 1976ல் வரிவிலக்கை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 1983ல் தோற்றது. முதல் பொறி இதிலிருந்துதான் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். பொறி வரிவிலக்கில் விழுந்தது, எரிந்து பரவியது கருக்கலைப்பில் என்பது என் கருத்து. 1980 தேர்தலில், ஞாயிறு பள்ளியில் வேதபாடம் நடத்திய பாப்டிஸ்டான கார்ட்டரை விட்டுவிட்டு, விவாகரத்தாகி மறுமணம் செய்த ஹாலிவுட் நடிகர் ரீகன் பக்கம் இந்தச் சபைகள் சாய்ந்தன. கார்ட்டரைப் பாதித்த மற்ற விஷயங்கள் எத்தனையோ உண்டு: ஈரான், விலைவாசி, வேலையின்மை. எங்கள் ஊர் உருக்காலையும்.

சர்ச் அரசியல் பேசியதே தவறு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் கறுப்பினச் சபைகளை என்ன செய்வது? பஸ்ஸில் கறுப்பினத்தவரை ஒதுக்கி உட்காரவைத்ததை எதிர்த்த மான்ட்கமரி பஸ் போராட்டம் சர்ச்சுகளில் கூடி நடத்திய போராட்டம். சர்ச்சுகள் இப்படிப் போராட்டக் களமானதால்தான் 1963 செப்டம்பரில் பர்மிங்ஹாமின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் சர்ச்சில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது கிங் யாரோடு நின்றார் என்பதைவிட யாரிடம் எல்லாம் மோதினார் என்பதுதான். 1964ல் சிவில் உரிமைச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்துப் போட்டபோது அவர் பின்னால் நின்றவர் கிங். அதே கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் ரிவர்சைடு சர்ச்சில் ஏறி ஜான்சனின் வியட்நாம் போரைக் கண்டித்தார். உடனே தலையங்கங்கள் அவரைத் திட்டின, கூட இருந்த நண்பர்கள் விலகினார்கள், வெள்ளை மாளிகைக் கதவு அடைபட்டது. தெரிந்தேதான் பேசினார். யங்ஸ்டவுன் ஆயர்களும் ஜனநாயகக் கட்சி அரசிடம்தான் போய் மோதினார்கள். தனக்கு வேண்டியவரிடமும் 'இது தப்பு' என்று சொல்லும் தெம்பு சபைக்கு இருக்கும்வரை அது அரசியல் பேசட்டும். அந்தத் தெம்பு போனபின் சபைக்கும் கட்சி ஆபீசுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தத் தெம்பைக் கரைத்ததில் ஒலிபரப்புக்குப் பெரிய பங்கு. ரொம்ப நாள் வரைக்கும் பெரிய வானொலி, டிவி நிறுவனங்கள் பழைய பெரிய சபைகளுக்கு இலவசமாக நேரம் கொடுத்துவந்தன. நிலையங்கள் பொதுச் சேவை செய்தன என்று காட்ட அது கணக்கில் வரும். 1960ல் ஒலிபரப்பு ஆணையம், காசுக்கு விற்ற மத நிகழ்ச்சியையும் பொதுச் சேவைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நிலையத்துக்குக் காசும் வரும், கணக்கும் நேராகும் என்றால் யார் இலவசமாகக் கொடுப்பார்கள்? இலவச நேரத்தில் பழகிய சபைகள் திரையிலிருந்து மெல்ல மறைந்தன. நேரத்தை விலைக்கு வாங்கி, திரையிலேயே காணிக்கை கேட்டு, அந்தக் காசில் இன்னும் நேரம் வாங்கத் தெரிந்தவர்கள் அந்த இடத்தைப் பிடித்தார்கள். பால்வெல்லும் பாட் ராபர்ட்சனும் அப்படி வளர்ந்தவர்கள். ராபர்ட்சன் 1988ல் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில் இறங்கி, அயோவாவில் அன்றைய துணை ஜனாதிபதி புஷ்ஷையே மூன்றாம் இடத்துக்குத் தள்ளினார். ஊர்ச் சபையின் தட்டில் காசு போடுகிறவர்களின் வீட்டு நல்லது கெட்டது போதகருக்குத் தெரியும். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து காசோலை அனுப்புகிறவரைக் கையெழுத்துப் போட வைக்கும் சுலபமான வழி பயமும் கோபமும்தான்.

இந்த இடத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரு பக்கத்தையும் தரவேண்டும் என்று 1949 முதல் ஒலிபரப்பு ஆணையம் விதி வைத்திருந்தது, ரீகன் காலத்தில் 1987ல் அதை எடுத்தார்கள், அதனால்தான் வலதுசாரிச் சேனலான பாக்ஸ் நியூஸ் வந்தது என்பார்கள். விதி எடுபட்ட மறுவருடம் ரஷ் லிம்பா என்ற வலதுசாரிப் பேச்சாளரின் நிகழ்ச்சி நாடு முழுக்க ஒலித்தது உண்மை. பேச்சு வானொலிக்கு அது கதவு திறந்துவிட்டது. ஆனால் அந்த விதி அலைவரிசை உரிமம் வாங்கிய வானொலிக்கும் டிவிக்கும்தான். 1996ல் வந்த பாக்ஸ் நியூஸ் கேபிள் சேனல். விதி இருந்திருந்தாலும் அதைத் தொட்டிருக்காது. சட்டத்தை மாற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நம்புகிற நல்லவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். அடைத்துப்போன ஊற்று வேறு இடத்தில் இருக்கிறது.

ஊர்ப் பத்திரிகையைச் சொல்கிறேன். 'வீடு வாடகைக்கு', 'பழைய கார் விற்பனைக்கு', 'ஆள் தேவை' என்ற வரி விளம்பரங்கள்தான் பத்திரிகைகளின் அஸ்திவாரம். இணையம் அதை இலவசமாக்கியது. அமெரிக்கப் பத்திரிகைகளின் விளம்பர வருமானம் 2005ல் 4,900 கோடி டாலர். 2020ல் 1,000 கோடிக்கும் கீழே. 2005ல் நாட்டில் 8,900 பத்திரிகைகள் இருந்தன. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இன்று இல்லை. எங்கள் விண்டிகேட்டர் 1869ல் தொடங்கிய நாளிதழ். கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை எதிர்த்தது, இந்த ஊரை ஆட்டிவைத்த மாபியாவைப் பற்றி எழுதியது. 150 வருடம் ஓடி 2019 ஆகஸ்ட் 31 அன்று நின்றது. பக்கத்து ஊர் வாரனின் பத்திரிகை அந்தப் பெயரை வாங்கி ஒரு பதிப்பு நடத்துகிறது, அதுவரைக்கும் ஆறுதல். ஆனால் நகரசபைக் கூட்டத்தில் மூன்று நான்கு நிருபர்கள் உட்கார்ந்திருந்த காலம் போய்விட்டது.

நிருபர் இல்லாத ஊரில் என்ன ஆகும் என்பதற்குக் கலிபோர்னியாவின் பெல் நகரம் போதும். 35,000 சொச்சம் பேர், பெரும்பாலும் உழைப்பாளிகள். அந்த ஊர் நிர்வாகி வருடத்துக்கு ஏறக்குறைய 8 லட்சம் டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார், அமெரிக்க ஜனாதிபதியின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. 2010ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நிருபர்கள் வேறொரு விஷயத்தைத் தேடிப் போய் இதைக் கண்டுபிடிக்கும்வரை ஊருக்கே தெரியாது. பிற்பாடு அவர் சிறைக்குப் போனார்.

திருட்டைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. ஊர்ச் செய்தி நின்றவுடன் ஜனங்கள் செய்தி பார்ப்பதை நிறுத்துவதில்லை. வாஷிங்டன் செய்திக்கு மாறுகிறார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில் இதைக் கண்ணால் பார்த்தேன். பள்ளிக்கூடக் கூரை, பாலம், கால்பந்துப் பயிற்சியாளர் என்று ஓடிய பேச்சு, வருடம் போகப்போக முந்தின நாள் ராத்திரி டிவியில் கேட்டதாக மாறியது. கூரையைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் கையெழுத்து வேட்டையில் ஒன்றாகப் போய் நிற்பார்கள். டிவியில் கேட்டதை வைத்துச் சண்டை போட்டவர்களுக்கு ஒன்றாகச் செய்ய ஒரு வேலையும் இல்லை. ஒரு கட்சிக்கு ஜனாதிபதி ஓட்டும் இன்னொரு கட்சிக்கு செனட் ஓட்டும் போடுவது இங்கே சாதாரணமாக இருந்தது. 2016ல் செனட் தேர்தல் நடந்த ஒவ்வொரு மாநிலமும் ஜனாதிபதிக்குத் தேர்ந்த கட்சியையே செனட்டுக்கும் தேர்ந்தது. அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. பத்திரிகை மூடிய ஊர்களில் இப்படிக் கலந்து ஓட்டுப் போடுவது குறைகிறது என்று ஆய்வாளர்களும் கண்டிருக்கிறார்கள். யங்ஸ்டவுன் அடங்கிய எங்கள் மஹோனிங் கவுண்டி 1972க்குப் பிறகு முதல்முறையாக 2020ல் குடியரசுக் கட்சி ஜனாதிபதி வேட்பாளருக்குப் போனது. பத்திரிகை நின்றதுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆலை மூடிய கோபம் நாற்பது வருடமாக உள்ளே கனன்றது. அந்தக் கோபத்தை ஊர் மொழியில் எழுதிக்கொடுக்க ஆள் இல்லாமல் போனது என்று மட்டும் சொல்வேன்.

கேட்பவர் காசில் வாழ்கிறவர்கள் கேட்பவருக்கு எப்படிப் பயப்படுவார்கள் என்பதற்கு நீதிமன்றப் பதிவே இருக்கிறது. 2020 தேர்தலில் ஓட்டு எந்திரம் மோசடி செய்தது என்று ஒளிபரப்பியதற்காக அந்த எந்திரத்தைச் செய்த டொமினியன் கம்பெனி வழக்குப் போட, பாக்ஸ் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. வழக்கில் வெளியான செய்திகளில், அந்தக் கதையை உள்ளுக்குள் நம்பாத தொகுப்பாளர்கள், உண்மையைச் சொன்னால் பார்வையாளர்கள் போட்டிச் சேனலுக்குப் போய்விடுவார்களே என்று ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது வந்தது. மறுபக்கமும் இந்த வியாதிக்கு விலக்கில்லை. 2024 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட், இந்த முறை எந்த வேட்பாளரையும் ஆதரித்து எழுதப்போவதில்லை என்றதும் சில நாளில் இரண்டரை லட்சம் சந்தாக்கள் போயின. தேர்தலுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது உரிமையாளர் எடுத்த அந்த முடிவு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சந்தாவை நிறுத்தியதில் அடி வாங்கியது செய்தி சேகரிக்கிற பிள்ளைகள்தான். இரண்டு சம்பவமும் ஒரே எடையுள்ளவை அல்ல. ஒன்றில் பொய் ஒளிபரப்பானது, மற்றதில் ஆகவில்லை. பயம் மட்டும் ஒன்று.

என் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற மெதடிஸ்ட் போதகர் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். தக்காளிச் செடிக்குக் கம்பு நட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "முன்னெல்லாம் ஒருத்தரோட அப்பாவை நான் அடக்கம் பண்ணியிருப்பேன், பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்திருப்பேன். அவருக்குப் பிடிக்காத பிரசங்கம் ஒண்ணு செஞ்சா முகத்தைத் தூக்கி வச்சுக்குவார், அடுத்த வாரம் வந்துடுவார். கடைசிக் காலத்துல அப்படி இல்லை. பிடிக்கலைன்னா இருபது நிமிஷம் கார் ஓட்டி, பிடிச்சதைச் சொல்ற சர்ச்சுக்குப் போயிட்டாங்க." அவர் இருந்த சபையே 2019க்கும் 2023க்கும் இடையில் நாடு முழுக்கச் சுமார் நாலில் ஒரு பங்கு ஊர்ச் சபைகளை இழந்தது, ஒருபால் திருமணத்தைப் பற்றிய பிளவில். தெற்கத்திய பாப்டிஸ்டுகளில் பெரிய பொறுப்பிலிருந்த ரஸ்ஸல் மூர் சொன்னதும் இதுதான்: 'மறு கன்னத்தையும் காட்டு' என்ற மலைப்பிரசங்க வசனத்தைச் சொன்ன போதகர்களிடம், இந்த இடதுசாரிப் பேச்சை எங்கே பிடித்தீர்கள் என்று சபையார் கேட்கிறார்களாம். இயேசு சொன்னது என்றாலும் சமாதானம் ஆவதில்லையாம். இதை முதலில் கேட்டபோது மனம் கனத்தது. நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் ஒரு மதம் தன் வேதத்தையே அடையாளம் தெரியாமல் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாக இருக்கிறது.

இதனால் மதம் வளர்கிறதா என்றால் அதுவும் இல்லை. காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனத்தின் கணக்கில் 1999ல் நூற்றுக்கு எழுபது பேர் ஏதாவது ஒரு சர்ச், யூத ஆலயம் அல்லது மசூதியில் உறுப்பினர். 2020ல் 47. 'மதம் எதுவும் இல்லை' என்கிறவர்கள் 2007ல் நூற்றுக்கு பதினாறு, இன்று முப்பதை நெருங்குகிறார்கள். சர்ச்சுக்கே போகாமல் தன்னை இவாஞ்சலிக்கல், அதாவது பைபிளையும் மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புராட்டஸ்டண்ட், என்று சொல்லிக்கொள்கிறவர்களும் கூடியிருக்கிறார்கள். அது இப்போது கட்சி அடையாளமாக மாறிவருகிறது. 2025 ஜூலையில் வருமான வரித்துறை, ஆராதனையில் தன் சபையாரிடம் ஒரு போதகர் வேட்பாளரை ஆதரித்துப் பேசினால் வரிவிலக்குப் பெற்ற சபைகள் வேட்பாளரை ஆதரிக்கக்கூடாது என்று 1954லிருந்து இருக்கும் தடைச் சட்டத்தை மீறியதாகாது என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. சபைகளுக்குக் கிடைத்த சுதந்திரம் என்று பலர் கொண்டாடினார்கள். போதகர் 'எனக்குச் சட்டம் இடம் தராது' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஒரு சாக்கு இருந்தது. அதைப் பிடுங்கிவிட்டார்கள் என்றே நான் பார்க்கிறேன். அதே மாதம் பொது வானொலி, டிவிக்கான 110 கோடி டாலரைக் காங்கிரஸ் திரும்ப எடுத்துக்கொண்டது. பெருநகர நிலையங்கள் நன்கொடையில் தப்பிக்கும். பனிப்புயல் எச்சரிக்கையைப் படிக்கிற கிராமத்து நிலையங்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

ஜனங்கள் ஒருவரையொருவர் வெறுக்கிறார்களா? திரையில் காண்கிற 'எதிர்க்கட்சிக்காரன்' என்ற உருவத்தை வெறுக்கிறார்கள், ஆமாம். அது வீட்டுக்குள்ளும் வந்திருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மகள் வருவதில்லை என்று சொல்லி வாயை மூடிக்கொண்ட சக ஊழியர் ஒருவர் எனக்கு உண்டு. ஆனால் கேள்வியைக் கட்சிப் பெயர் இல்லாமல் முன்னால் வைத்தால் இதே ஜனங்கள் வேறு மாதிரி பதில் சொல்கிறார்கள். 2020ல் டிரம்ப்பை எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கவைத்த ஓஹையோ, 2023 நவம்பரில் கருக்கலைப்பு உரிமையை மாநிலச் சாசனத்தில் சேர்க்க ஏறக்குறைய 57 சதவீதம் ஓட்டுப் போட்டது. மறுவருடம் டிரம்ப்பைப் பதினொரு புள்ளியில் ஜெயிக்கவைத்ததும் இதே மாநிலம். கேபிள் டிவி பார்த்து இந்த மூன்றையும் ஒரே ஜனங்கள் செய்வார்கள் என்று ஊகிக்கவே முடியாது.

அதனால் வந்து இறங்கியதும் யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்காதீர்கள். நெருங்கிய பிறகு அவர்களே சொல்வார்கள். 'உங்கள் தாத்தா எந்த ஆலையில் வேலை பார்த்தார்?' என்று அவர்களைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் ஓடும். 'எந்த சர்ச்' என்று அவர்கள் உங்களைக் கேட்டால் மதம் மாற்றப் பார்க்கிறார்கள் என்று பதற வேண்டாம்; நம் ஊரில் எந்தத் தெரு என்று கேட்பது போல அது. கோயிலுக்குப் போகிறவன் என்று சொன்னால் போதும், பிட்ஸ்பர்கில் இருக்கிற பெருமாள் கோயில் வரைக்கும் என்னை வண்டியில் கொண்டு விட்டவரே ஒரு பாப்டிஸ்ட்தான். பள்ளிக்கும் நூலகத்துக்கும் சொத்து வரி கேட்டு இங்கே ஓட்டெடுப்பு வைப்பார்கள், லெவி என்பார்கள். அந்தக் கூட்டம் எங்கே நடந்தாலும் பின்பெஞ்சில் போய் உட்காருங்கள். குடியுரிமை இல்லாதவரும் கேட்கலாம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நேரம் இருந்தால் பியரோகி விற்கும் சர்ச்சுக்குக் கூட்டிப்போகிறேன். ஸ்லோவாக், போலிஷ், உக்ரைன் வழிவந்த பாட்டிமார் அடித்தளத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து மடிப்பார்கள், பார்க்க நம் கொழுக்கட்டை மாதிரியே இருக்கும். சர்ச் கூரைக்கும் ஹீட்டருக்கும் அந்தக் காசுதான். போன மாதம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கட்சித் தொப்பி, எனக்குப் பின்னால் எதிர்க்கட்சி வாசகம் அச்சடித்த பை. பாட்டி இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கு இரண்டு டஜன் கட்டிக்கொடுத்தார்.